யேக்கோ குடாவில் ஒதுங்கினோம்

வால்திவியா
14 ஏப்ரல் 1991, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று காலை ரேடியோவில் கேட்டதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. மதியம் சொல்ல வேண்டிய இடம் வந்தபோதும் சொல்லவில்லை. முதலாவதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டாவதைப் பற்றி எனக்குத் தெரியவில்லை.

நீ மாட்டுக் கொட்டிலில் இருந்தாய். நான் அடுப்பருகே உட்கார்ந்து தீவுகளுக்கான செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ அச்சாவோவில் இறங்குகிறார்களாம், குதிரை கொண்டு வர வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒருவர் கஞ்சி குடித்தாராம். அத்தானின் கட்டளை நம் எல்லோருக்கும் மனப்பாடம்: "செய்தி முடிஞ்சதும் அணை. பேட்டரி என்ன மரத்துலயா காய்க்குது? காத்தை நான் வானத்துல பாத்துக்கறேன்." அன்று நான் அணைக்கவில்லை. சடை பின்னிக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் தலையில் இருந்தன. அதனால்தான் வானிலை அறிக்கை காதில் விழுந்தது. காலையில் வடக்காற்று. மதியத்துக்குப் பிறகு மேற்கே திரும்பிப் பலமாக வீசும். சிறு படகுகள் வெளியே போக வேண்டாம்.

நான் சடையை முடித்துவிட்டு ரேடியோவை அணைத்தேன்.

இங்கே ஆசிரியர் கல்லூரிப் பதிவு அந்த வெள்ளிக்கிழமையோடு முடிவதாக இருந்தது. அன்று புதன். மேல்காற்று பிடித்தால் மூன்று நாள் விடாது என்பது உனக்குத் தெரியும். உதவித்தொகையும் போய்விடும், அடுத்த வருடம் யார் தருவார்கள்? இதையெல்லாம் அப்போது இவ்வளவு ஒழுங்காக நினைத்தேன் என்று சொல்ல முடியாது. சடை பின்னி முடிப்பதற்குள் முடிவு நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

கரையில் அத்தான் கேட்டார்: "அணைச்சியா?"

"அணைச்சேன் அத்தான்."

அது உண்மை.

அந்த நாளைப் பற்றி, எங்களோடு தோணியில் வந்த தெயோஃபிலோ மாமா சொன்னதைத்தான் நீ கேட்டிருப்பாய். அத்தான் வாயே திறந்திருக்க மாட்டார். அதனால் முழுதாக எழுதுகிறேன்.

அத்தானின் தோணியில் புறப்பட்டபோது கடல் தட்டில் ஊற்றிய பால் போல இருந்தது. வடகிழக்கிலிருந்து மெல்லிய காற்று. கண்டத்துப் பக்கத்து மலைகள், மழைக்கு முன் தெரிவது போல, கையெட்டும் தூரத்தில் தெளிவாக நின்றன. தெயோஃபிலோ மாமா அவற்றைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "வாங்க, வாங்க. விருந்தாளிங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. நனைக்காமப் போக மாட்டாங்க."

"நனைஞ்சா என்ன மாமா, நீங்க என்ன சீனியா?" என்றார் அத்தான்.

"நான் சீனி இல்ல. டீச்சரம்மா சீனி. கரைஞ்சுட்டா உன் பெண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பத்து மணிக்குள் மழை வந்தது. பதினோரு மணிக்கு அத்தான் பாய்மரத்தின் பெரிய பாயைச் சுருக்கினார். பிறகு இன்னொரு முறை சுருக்கினார். ஊர்க்காரர்களின் உருளைக்கிழங்கு மூட்டைகளின் மேல் தார்ப்பாயைக் கட்டினோம். சந்தைக்கு ஏற்றிய ப்ருனில்டா அம்மாவின் ஆறு ஆடுகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்தின. நான் தகர டப்பாவால் நீரை இறைத்துக்கொண்டே இருந்தேன். நாங்கள் போக வேண்டிய தல்காவே துறைப் பக்கம் முனையைத் தாண்டவே முடியவில்லை. அத்தான் இரண்டு முறை தோணியைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு முறையும் அதே பாறை அதே இடத்தில் இருந்தது. மூன்றாவது முறை அவர் சுக்கானைத் தளர்த்தி, தோணியை வழியிலிருந்த நடுத்தீவின் பக்கம் விட்டார்.

நடுத்தீவின் தெற்கே ஒதுங்க இரண்டு இடம் உண்டு. யேக்கோ குடா பக்கத்தில் இருக்கிறது, வடக்கே சுவர் போல உயர்ந்த கரை, அரை மணியில் போய்விடலாம். ஆனால் அதன் வாய் தென்மேற்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மெச்சாய் என்ற உப்பங்கழி இன்னும் ஒன்றரை மணி நேரம் மேற்கே. வாய் குறுகல், கடல் இறங்கும் நேரத்து வற்றுநீர் எதிர்த்து ஓடும், உள்ளே போய்விட்டால் எந்தக் காற்றும் தொடாது.

தெயோஃபிலோ மாமாதான் கேட்டார். "மேக்கால திரும்பிடுச்சுன்னா?"

"திரும்பாது. திரும்புறதுக்கு முன்னால வானம் வெளுக்கும். இது விடியவிடிய வடக்காத்துதான்." பிறகு அத்தான் என்னைப் பார்த்தார். கேள்வியாகப் பார்க்கவில்லை. நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், அதைத்தான் பார்த்தார். "புள்ள வெறச்சுப் போச்சு. யேக்கோவே போதும்."

அந்த வாக்கியம் என் வாயில் இருந்தது, அக்கா. மதியத்துக்குப் பிறகு மேற்கே திரும்பும். அவ்வளவுதான் அந்த வாக்கியம். சொன்னால் "உனக்கெப்படித் தெரியும்?" என்பார். எப்படித் தெரியும் என்று சொன்னால், காலையிலேயே தெரியும் என்றும் சொல்ல வேண்டும். நான் டப்பாவை எடுத்து மறுபடி நீரை இறைத்தேன். அப்போது இறைப்பதற்கு அவ்வளவு நீர் இல்லை.

ஒரு மணிக்கு யேக்கோவுக்குள் நுழைந்தோம். கதவைச் சாத்தியது போல இருந்தது. மேலே மரங்களின் தலைகள் சீறிக்கொண்டிருந்தன, கீழே நீரில் மழைத்துளி தனித்தனியாக விழுவது தெரிந்தது. கல் கட்டிய மர நங்கூரத்தை இறக்கினார்கள். ஒரு கயிற்றைக் கரை மரத்தில் கட்டினார்கள். அத்தான் எனக்குத் தன் கம்பளிச் சட்டையைக் கொடுத்தார். தெயோஃபிலோ மாமா அடுப்பு மூட்டி மாத்தே இலைத் தேநீர் போட்டார். ஆடுகள்கூட அடங்கிவிட்டன. "இங்கயே ஒரு வீடு கட்டிரலாம் போல இருக்கே," என்றார் மாமா. "கட்டுங்க, வாடகை நான் தர்றேன்," என்றார் அத்தான். அத்தான் அவ்வளவு கலகலப்பாகப் பேசி நான் பார்த்ததில்லை. எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட மனிதரின் சந்தோஷம் அது. நான் அவர் சட்டைக்குள் இருந்துகொண்டு, குடாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணி நேரம். மழை குறைந்தபோதெல்லாம் வானத்தில் வெளுப்பு தெரிகிறதா என்று தேடினேன். கூடியபோதெல்லாம் நன்றி சொன்னேன்.

மூன்றரைக்கு மழை நின்றது. தென்மேற்கில் ஒரு துண்டு நீலம் தெரிந்தது. மரங்கள் அசையவில்லை. அத்தான் கையிலிருந்த மாத்தேயைக் கீழே வைத்து, "மாமா, பாய்" என்றார். பாய் பாதி ஏறுவதற்குள் காற்று குடாவின் வாய் வழியாக உள்ளே வந்துவிட்டது. அலைகளும் பின்னாலேயே வந்தன. கரைக்கயிறு அறுந்தது. நங்கூரம் உழுதுகொண்டே வந்தது. அத்தான் தோணியின் முன்முனையான அணியத்துக்கு ஓடி, நங்கூரக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றப் பார்த்தார். தோணி ஓர் இழுப்பு இழுத்தது. அவ்வளவுதான் நான் கண்டது. அவர் கத்தவில்லை. கையைத் தூக்கிப் பார்த்தார், ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பது போல.

பிறகு பாறை.

தோணியும் ஆடுகளும் போயின; அந்தத் தீவுக்காரர்கள் வந்து எங்கள் மூவரையும் கரையேற்றினார்கள். ஒரு வீட்டில் அத்தானின் கையை மாவுப்பையால் சுற்றினார்கள். மறுநாள் காலை அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மோட்டார் படகிலேயே நானும் தல்காவே போனேன். கரையில் இறங்கியதும் அத்தான் என்னிடம், "போ. பதிவு நாளைக்கு முடியுதுல்ல" என்றார். நான் போனேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இங்கே கையெழுத்துப் போட்டேன். வகுப்புகள் நன்றாக நடக்கின்றன. எனக்குத்தான் எதுவும் உள்ளே போகவில்லை.

இதை அத்தானிடம் படித்துக் காட்டு.

உன் தங்கை
நொயேலியா

✽

லின்குய் தீவு
2 ஜூன் 1991

என் நொயேவுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு வாரமாகிறது. தபால் படகு இரண்டு முறை வந்து போனது. இரண்டு முறையும் எழுதாமல் அனுப்பிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். வால்திவியாவில் மழை அதிகம் என்கிறார்கள், நான் பின்னிக் கொடுத்த காலுறையைப் போட்டுக்கொள்.

கடிதத்தை உருளைக்கிழங்குக் கிடங்கில் நின்று படித்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். உன் அத்தான் உள்ளே வந்து, "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "நல்லா இருக்காளாம்" என்றேன். "சரி" என்று போய்விட்டார்.

உன்மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நல்லது.

அவருக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். காயம் ஆறிவிட்டது. கரண்டி பிடிக்கிறார். சட்டைப் பொத்தான் மட்டும் போட வரவில்லை. நான் போட வந்தால் திரும்பிக்கொள்கிறார்.

ஊரில் பேசுகிறார்கள். மேல்காற்று வரும் என்று ரேடியோவே சொன்னதாம், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததாம், தோணி ஓட்டும் தண்டலுக்குத் தெரியவில்லையாம். தெயோஃபிலோ மாமா கடைவாசலில் உட்கார்ந்து, "கழிக்குப் போலாம்டான்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்கிறாராம். ப்ருனில்டா அம்மா ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் எங்களைக் கண்டால் பாதை மாறிப் போகிறாள்.

அவர் புதுத் தோணி கட்டப் போகிறார். மரம் வெட்டியாகிவிட்டது, மேட்டுக் காட்டில் கிடக்கிறது. அடிக்கட்டைக்கான மரமே ஒன்பது மீட்டர். கரைக்கு இழுக்க ஊரே மாட்டோடு வந்தால்தான் நடக்கும். செப்டம்பர் ஏழாம் தேதி சனிக்கிழமை ஊர் கூடி உழைக்கும் மிங்கா என்று நாள் குறித்து, ஆப்பிள் மதுவான சிச்சா ஜாடியோடு வீடுவீடாகப் போய்க் கேட்கத் தொடங்கியிருக்கிறார். நம் ஊரில் மிங்கா கேட்டு வந்தவனுக்கு யாரும் இல்லை என்று சொன்னதில்லை. இவருக்கும் சொல்லவில்லை. சிச்சாவைக் குடித்துவிட்டு, "பாப்போம்" என்கிறார்கள்.

தோணி இல்லாவிட்டால் அவர் கடலில் இன்னொருவன் படகில் கூலிக்குப் போக வேண்டும். ஒன்றரைக் கையோடு யார் எடுப்பார்கள்?

இதையெல்லாம் உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. ஒருவேளை அதற்காகத்தானோ என்னவோ. ஆனால் நீ அந்த விஷயத்தை இனி யாருக்கும் எழுதாதே. இந்தத் தீவிலிருந்து மேல்படிப்புக்குப் போன முதல் பெண் நீ. தெரிந்தால், "பாத்தியா, புத்தகம் படிச்ச புள்ள என்ன பண்ணுச்சு" என்பார்கள். அடுத்த பெண்ணை அனுப்ப மாட்டார்கள். அம்மா போனபோது உனக்கு ஏழு வயது. உன்னை வளர்த்தவள் நான். அவர் என் புருஷன். உங்கள் இருவரில் யாரையாவது இழக்கச் சொல்லாதே.

ஓர்ஃபெலினா

✽

வால்திவியா
23 ஜூன் 1991

அன்புள்ள அக்கா,

காலுறை போட்டிருக்கிறேன்.

நீ கடிதத்தை எரித்தது சரி என்று என்னால் எழுத முடியவில்லை. உன்மேல் குற்றம் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை. "பாப்போம்" என்ற சொல்லை நான்கு நாளாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தெந்த வீட்டு வாசலில் எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ரேடியோவுக்கே ஒரு செய்தி கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். "லின்குய் தீவு மக்களுக்கு: தண்டல் எலியேசெரிடம் வானிலையைச் சொல்லாமல் மறைத்தவள் அவர் கொழுந்தியாள்." எழுதிப் பார்த்தபோது அது ஒப்புக்கொள்வது போல இல்லை, கூவுவது போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

நீ வேண்டாம் என்றால் நான் சும்மா இருக்க வேண்டும். ஆனால் சும்மா இருந்துதான் இது நடந்தது. எனக்கு வழி தெரியவில்லை, அக்கா. மிங்காவுக்கு எத்தனை பேர் சரி என்றார்கள்?

நொயே

✽

லின்குய் தீவு
20 ஜூலை 1991

நொயே,

நான்கு பேர். அதில் ஒருவர் என் கொழுந்தனார், இன்னொருவருக்கு எழுபது வயது.

போன வாரம் உன் அத்தான் யாரிடமும் சொல்லாமல், நம் ஒரு ஜோடி மாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக் காட்டுக்குப் போனார். சின்ன மரம் ஒன்றையாவது தனியாக இழுத்துப் பார்க்கலாம் என்று. நான் சோறு கொண்டுபோனேன். மரம் சேற்றில் புதைந்து கிடந்தது. சங்கிலியை மாட்ட முடியாமல், பல்லால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்க்கவில்லை. நான் சோற்றை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்து, "சோறு நல்லா இருந்துச்சு" என்றார். "மாடு எப்படி இருக்கு?" என்றேன். "மாடு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இரவில் அவர் பக்கத்தில் தூங்காமல் படுத்திருக்கிறேன். நீ அன்று தோணியில் வாயில் வைத்திருந்தாயே அந்த வாக்கியம், அது இப்போது என் வாயில் இருக்கிறது. எழுதாதே என்று இனி நான் சொல்ல மாட்டேன். எழுது என்றும் என்னால் சொல்ல முடியாது.

பன்றி எட்டுக் குட்டி போட்டது. இரண்டு செத்துவிட்டன.

ஓர்ஃபெலினா

✽

வால்திவியா
4 ஆகஸ்ட் 1991

அன்புள்ள அக்கா,

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. நம் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் பெலார்மினோவுக்கு எழுதியது. ஞாயிறு ஜெபத்துக்குப் பிறகு, ஊர் முன்னால் வாசிக்கும்படி கேட்டிருக்கிறேன். நடந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன், ஒரு பக்கம்தான். பதிவு நாள் பற்றி எழுதியதை அடித்துவிட்டேன். அது காரணம் போலத் தொனித்தது.

உபதேசியாருக்கே நேராகத் தபாலில் போட்டிருக்கலாம். தபால்பெட்டி வரை கொண்டும் போனேன். போடவில்லை. மற்றவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை அன்று நான் ஒருத்தியாக முடிவு செய்தேன். மறுபடியும் அதையே செய்யக் கூடாது. உறையை ஒட்டவில்லை. படித்துப் பார். அத்தானிடம் கொடுப்பதோ, உபதேசியாரிடம் கொடுப்பதோ, அடுப்பில் போடுவதோ உன் கையில். இதை உன் கையில் வைப்பதும் ஒரு கொடுமைதான் என்று தெரியும்.

அடுப்பில் போட்டால் எனக்கு எழுது. செப்டம்பர் பதினெட்டு, சுதந்திர தின விடுமுறைக்கு வந்து நானே சொல்கிறேன். ஆனால் அது ஏழாம் தேதிக்குப் பிறகு. மாடுகள் வர வேண்டிய நாள் போயிருக்கும்.

இரண்டு வாரமாகத் தபால்காரர் வரும் நேரத்தில் என்னால் அறையில் இருக்க முடியவில்லை, வெளியே ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறேன்.

நொயே

✽

லின்குய் தீவு
15 செப்டம்பர் 1991, ஞாயிறு

நொயே,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ அப்படித்தான் விரும்புவாய்.

உறையை மூன்று நாள் மாவுப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். நான்காம் நாள் உன் அத்தான் மாத்தே குடித்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் வைத்தேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், தெரியுமே. உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த வரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. முடித்ததும் வெளியே போய் இடது கையால் விறகு வெட்டினார். ஒரு வாரத்துக்கான விறகு. திரும்பி வந்து கேட்டார்:

"உனக்கு எப்போ தெரியும்?"

"மே மாசம்."

"ம். அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே வாய்தான்."

பதினோரு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து மிங்கா நாள் வரை கொல்லைப்புறக் கிடங்கில் படுத்தார். நான் அழவில்லை என்று பொய் எழுத மாட்டேன்.

மிங்காவுக்கு ஒரு வாரம் முந்திய சனிக்கிழமை சாயங்காலம் அவரே சட்டையை மாற்றிக்கொண்டு, உறையை எடுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனார். "வாசிக்கச் சொல்லப் போறேன்" என்றார். "உங்களுக்காகவா?" என்றேன். "அவ எழுதினது ஊருக்கு. நான் அதை வச்சுக்கக் கூடாது" என்றார்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, "அடிப்பாவி" என்றாள். அது உனக்கு. தெரிந்துகொள்.

அப்போது உன் அத்தான் எழுந்தார். அவர் கோயிலில் பாடக்கூட மாட்டார்.

"புள்ள எழுதினது நெசம். ஆனா ஒண்ணை அவ எழுதல. ரேடியோவை அணைக்கச் சொன்னவன் நான். பதினோரு வருசமா சொல்றேன். பேட்டரி போயிரும், நான் வானத்தைப் பாத்துக்கறேன்னு. உங்க வீட்டுலயும் அப்படித்தான் சொல்லியிருப்பீங்க. யேக்கோவா கழியான்னு கேட்டப்ப, யேக்கோன்னு சொன்ன வாய் இதுதான். அவ வாய் இல்ல. மிங்காவுக்கு வர்றவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. வராதவங்களும் இதைத் தெரிஞ்சுக்கிட்டே வராதீங்க."

உட்கார்ந்துவிட்டார். தெயோஃபிலோ மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்கூட... கழிக்குப் போலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அடிச்சுக்கல. சும்மா கேள்வியாத்தான் கேட்டேன். யேக்கோன்னதும் எனக்கும் சந்தோசம்தான். குளிரு."

யாரோ சிரித்தார்கள். உபதேசியார் அதட்டினார்.

ஏழாம் தேதி பத்தொன்பது ஆண்கள் ஏழு ஜோடி மாடுகளோடு வந்தார்கள். ப்ருனில்டா அம்மா வரவில்லை. அவள் மாடுகள் வந்தன. அடிக்கட்டை மரம் ஓடையருகே ஒரு முறை சிக்கியது, எல்லா மாட்டையும் ஒரே சங்கிலியில் பூட்டி இழுத்தார்கள். கத்திய கத்தலில் எனக்கு இன்னும் காது அடைத்திருக்கிறது. நான்கு மணிக்குள் கடைசி மரம் கரைக்கு வந்துவிட்டது. நாங்கள் பெண்கள் மூன்று கூடை மில்காவ் கிழங்கு ரொட்டி சுட்டோம், ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று இரவு அவர் வீட்டுக்குள் வந்து படுத்தார்.

இனி நீ கேட்காததை எழுதுகிறேன். கோடை விடுமுறைக்கு நீ வருவதைப் பற்றி அவரிடம் கேட்டேன். கரையிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, காற்றைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்:

"வரட்டும். அவ வீடு. வேற யார் படகுலயாவது வரட்டும். என் தோணில ஏத்த மாட்டேன்."

"ஊர் முன்னால அவளுக்காகப் பேசினீங்களே?"

"பேசினது நெசத்துக்காக. தோணில இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா நான் எதைப் பாத்து ஓட்டறது?"

எனக்கு அவர் சொன்னது புரிந்தது. நீயும் புரிந்துகொள்வாய், அதுதான் எனக்குக் கஷ்டம்.

டிசம்பரில் வா. கட்டாயம் வா.

உன் அக்கா
ஓர்ஃபெலினா

✽

வால்திவியா
15 மார்ச் 1992

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ ஜுரத்தோடு கரைக்கு வர முடியாததால், புறப்பட்டதை எழுதச் சொன்னாய்.

பெட்டியும் நீ கொடுத்த இரண்டு மூட்டைக் கிழங்கும் நம் ஊர் பாரியாவின் மோட்டார் படகில் ஏறவில்லை, ஆட்கள் நிறைய. அத்தான் தன் புதுத் தோணியைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல், அவற்றைத் தூக்கி உள்ளே வைத்துத் தார்ப்பாயால் மூடிக் கட்டினார். முடிச்சை இடது கையாலேயே போடுகிறார். நான் பாரியாவின் படகில் வந்தேன். நடுக்கால்வாய் வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன, பிறகு காற்று குறைந்து தோணி பின்தங்கியது.

தல்காவேயில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அவர் வந்து பெட்டியையும் மூட்டைகளையும் துறையில் இறக்கி வைத்தார். "ஒண்ணும் நனையல" என்றார். நன்றி சொன்னேன். வற்றுநீர் தொடங்கிவிட்டது என்று உடனே திரும்பிப் போய்விட்டார்.

நொயேலியா